முறை மாறி வந்த மாதா

கருவாட்டுப் பாயில் காயும் கட்டா மீனைப் புரட்டும்போதும் திரேசம்மாவின் காது தெருப்பக்கம்தான். மோட்டார் சைக்கிள் ஒன்று வேகமாகப் போனால் கை நின்றுவிடுகிறது. "உது லோறன்ஸோ?" என்று கூட இருந்து மீன் புரட்டும் என்னைக் கேட்கிறார். இல்லை என்றேன். நம்பவில்லை. வாசல் படலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த மீனைத் தொட்டார்.

எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் இவரைத் துணிச்சல்காரி என்பார்கள். சுத்தப் பொய். இவரைப்போலப் பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. யாருடைய சண்டையைத் தீர்க்கப் போவதென்றாலும் முதல்நாளே சோறு இறங்காது. வெளிக்கிடும்வரை கக்கூசுக்கும் முற்றத்துக்குமாக நடை. "போகப் பயம் பிள்ளை. போகாட்டி நித்திரை வராது. ரெண்டில எதைத்தான் தாங்கிறது?"

பங்குச் சபையிலும் மீன்பிடிச் சங்கத்திலும் முன்வரிசைக் கதிரைகள் ஆண்களுக்கு. அங்கே திரேசம்மா வாய் திறந்தால், "அக்கா, தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்று கதையை மாற்றிவிடுவார்கள். ஆனால் ஒக்டோபர், செபமாலை மாதம், வீடு வீடாகப் போய்த் தங்கும் மாதா சுரூபம் அவர் பொறுப்பு. சிலை வைத்த கண்ணாடிக் கூட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவர் வந்தால் படலையைத் திறந்தே ஆகவேண்டும். மாதா தங்கும் வீட்டில் அன்றைக்குச் சாராயம் இல்லை, தூஷணம் இல்லை. வீட்டு ஆண் கடலுக்கும் போவதில்லை. அயல் முழுக்கக் கூடிச் செபமாலை சொல்லும். சங்கத் தலைவருக்கும் இந்த அதிகாரம் கிடையாது. சுரூபத்தை எந்த வீட்டில் எப்போது இறக்கிவைப்பது என்பதில் மனுசி வலு கெட்டிக்காரி.

போன கிழமை லோறன்ஸின் வலையை யாரோ அறுத்துவிட்டார்கள். கண்ணால் கண்டவர் இல்லை. மீள்குடியேறி வந்திருக்கும் பக்கத்துக் கரை முஸ்லிம் ஆட்கள்தான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். இன்று பொழுதுபட, ஊர்ப் பெடியளோடு போய் அவர்களுடைய வலைகளை வெட்டப்போகிறானாம். அவன் மனைவி றஞ்சிதம் காலையில் அழுதுகொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

காலையிலேயே விசயத்தைச் சொல்லிவைத்திருந்த ஹவ்வா உம்மாவுக்குத் திரேசம்மா கையைக் கழுவிவிட்டு மறுபடி போன் எடுத்தார். அந்தக் கரையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர் அவர். குரல் எனக்கும் கேட்டது.

"பொழுதுபட மஃரிபு தொழுதிட்டு வாடிக் கொட்டில்ல மௌலூது வச்சிருக்கன். ஓதி, சோறு திண்டு முடியிற மட்டும் எங்கட ஆக்கள் ஒருத்தரும் வலைப் பக்கம் போகமாட்டாங்க. உங்கட பக்கம் எப்பிடி?"

"நான் லோறன்ஸ் வீட்டை மாதாவைக் கொண்டு போறன்."

போனை வைத்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. "அங்க வலைக்குக் காவலும் இல்லை, பிள்ளை. என்னை நம்பி அந்த மனுசி எல்லாரையும் இருத்தி வச்சிருக்கு. சண்டைக்காலத்தில ஊரைவிட்டு ஓட்டிவிட்ட சனம், இருபது வருசத்துக்குப் பிறகு வந்து இப்பதான் வலை போடுதுகள். இவங்கள் போய் வெட்டினா நான் ஆரின்ர முகத்தில முழிக்கிறது?"

இன்று மாதா போகவேண்டியது அருளப்பு வீட்டுக்கு. முறை மாற்றுவது பற்றிப் பங்குச் சுவாமியிடம் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டனான். சிரிச்சவர். சிரிச்சா ஓம் எண்டுதானே?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெழுகுதிரியை எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாய, கூட்டைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, மெழுகுதிரியோடு நான் பின்னால் போனேன். லோறன்ஸ் வெளிக்கிட்டு வாசலில் நின்றான். கையில் வலை வெட்டும் கத்தி. வேலியோரம் பெடியள் காத்து நின்றார்கள்.

"அக்கா, இண்டைக்கு எங்கட முறையில்லை."

"தெரியும்."

"அப்ப அருளப்பு அண்ணர் வீட்டை கொண்டு போங்கோ. எனக்கு அலுவல் இருக்கு."

"கை உளையுது லோறன்ஸ். ஒருக்காப் பிடி."

அவன் அசையவில்லை. உள்ளே றஞ்சிதம் கதவைப் பிடித்தபடி நின்றாள். பெடியள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரேசம்மா கூட்டை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அவன் ஓரடி பின்வாங்கினான்.

திரேசம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிட்டார்.

கத்தி மணலில் விழுந்தது. இரு கைகளாலும் மாதாவை ஏந்திப் பிடித்தபடி லோறன்ஸ் நின்றான். திரேசம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.