ஊசியைத் தூக்கிய கை

இதைக் கதை என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இருக்கும் இளமதியிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். எழுந்துபோய், ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைப்பாள்.

அவள் கணவர் ஸ்ரீநாத்துக்குப் பழைய ஹாலிவுட் பைபிள் படங்களின் இசை என்றால் உயிர். படமல்ல, இசை மட்டும். பூஜை மாடத்தில் முருகன் இருந்தார். கூடத்தில் எக்காளமும் வயலினும் முழங்கின. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இசைத்தட்டு சுழலும்.

"டிரம்ஸ் நடக்குது கேளு மதி. பாரத்தத் தூக்கிட்டு மேடு ஏறுற மாதிரி இல்ல?" என்பார். வாரமெல்லாம் ஓடிய களைப்பில் அவள் சோபாவிலேயே தூங்கிப்போவாள்.

அவருக்கு ஒரு வழக்கம். ஏசு சிலுவையில் உயிர்விடும் கட்டத்து இசை வருமுன் ஊசியைத் தூக்கிவிடுவார். ஃபூ... என்று தூசி ஊதுவார். அதைத் தாண்டி, உயிர்த்தெழும் கட்டத்தில் வைப்பார். ஏன் என்று கேட்டதற்கு, போகிற அன்றைக்குத்தான் அதை முழுதாகக் கேட்பேன் என்று சிரித்தார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது. கண் திறப்பதே அபூர்வம். இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டுமா என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், எப்படியாவது காப்பாற்றுங்கள் என்றே சொன்னாள். வேலை, ஆஸ்பத்திரி, வீடு. பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாள்.

அந்த ஞாயிறு மாற்றுத்துணி எடுக்க வந்தாள். வெளியே சுள்ளென்ற வெயில். சற்றே கண் மூடலாமென்று சோபாவில் சாய்ந்தாள்.

வயலின் கேட்டது.

பக்கத்து வீடு என்று நினைத்தாள். பிறகு எக்காளம். மின்விசிறி சுழன்றது... அவள் போடவில்லை. ரெக்கார்டு பிளேயரின் மூடி திறந்திருந்தது.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

பயப்படக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. கேட்டுக்கொண்டே கிடந்தாள். டிரம்ஸ் நடந்தது... மெதுவாக... கனமாக. இதோ, இப்போது ஊசி எழும்பும். ஃபூ... என்று கேட்கும்.

கேட்கவில்லை.

செல்லோ வாத்தியங்கள் அடிக்குரலில் தொடங்கின. அந்த வீட்டில் ஒருநாளும் ஒலித்திராத இசை.

மணி மூன்று.

"என்னங்க... வேணாம்."

நிற்கவில்லை.

ஓடினாள். ஊசியைப் பற்றி இழுத்தாள்.

கர்ர்ர்க்...

அமைதி.

போன் அடித்தது.

நர்ஸ் சாதியா. மூன்று மணிக்கு இதயம் நின்றுவிட்டதாம். மருந்து ஏற்றுவதற்குள் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கிவிட்டதாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் கண்கள் திறந்திருந்தன. உதடு அசைந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு.

"ஏன் எடுத்துட்ட, மதி? கேட்டுட்டிருந்தேன்ல."

"எங்கயும் போயிடாதீங்க."

"களைப்பா இருக்கு லா..."

அவ்வளவுதான். கண் மூடிக்கொண்டார்.

இரவு வீடு திரும்பினால் பிளேயர் மூடிக் கிடந்தது. உள்ளே தட்டு இல்லை. மூடிமேல் எட்டு மாதத் தூசி, ஒரு விரல்தடம்கூட இல்லாமல். சோபாவில் கண்ட கனவு என்று வைத்துக்கொண்டாள். அவர் கேட்ட கேள்விதான் இடித்தது.

காலையில் டாக்டரிடம், இனி அவரைத் தடுக்க வேண்டாம் என்றாள். அடுத்த ஞாயிறு, அவள் கையைப் பிடித்தபடியே போனார்.

காரியத்துக்குப் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அவர் நண்பர் ரத்னவேல் வந்தார். எல்லோரும் கிளம்பிய பின் ஒரு பையை நீட்டினார். உள்ளே அந்த இசைத்தட்டு.

"நோவுல விழறதுக்கு முன்னாடி அண்ணன் கேக்கக் குடுத்தாரு அக்கா. என் பிளேயர் ரிப்பேரு. உறையிலேர்ந்து எடுக்கவே இல்ல."

அவள் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

சிலுவைக் கட்டத்தின் குறுக்கே, கோணலாக, புத்தம்புதிய கீறல்.

பிளேயரைத் துடைத்து, தட்டை வைத்தாள். டிரம்ஸ் நடந்து வந்தது... மேடு ஏறியது... கீறலைத் தொடப்போனது.

ஃபூ...

ஊசி தாவி, நேரே உயிர்த்தெழும் இசையில் விழுந்தது.

ரத்னவேல் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

இளமதி திரும்பவில்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.