வத்தேகமவில் ஒரு கிளட்ச் லிவர்

வத்தேகம சந்தைக்கு அருகே ஒரு வளைவில், நடக்கும் வேகத்தில்தான் மோட்டார் சைக்கிளைச் சாய்த்தேன். மழை கொண்டுவந்த மணலில் சக்கரம் வழுக்கியது. பின்னால் இருந்த கணவருக்கும் எனக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. ஹேண்டில் கோணிவிட்டது, கிளட்ச் லிவர் முறிந்துவிட்டது.

இப்போது கராஜ் வாசலில் நிற்கிறோம். ஒன்றரை வயது மகள் பேராதனையில் அக்காவிடம் இருக்கிறாள். அவள் பிறந்த பிறகு இதுதான் என் முதல் மலைப்பயணம். மேலே போவதா, திரும்பிவிடுவதா? மெக்கானிக் பழைய லிவர் ஒன்றை அரத்தால் ராவிப் பொருத்துகிறார். அவர் ஹேண்டிலை நிமிர்த்த, நான் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொள்கிறேன். மேலே உள்ள வளைவுகளை நினைக்கிறேன். பயம்தான், ஆனால் பாதி ஆசை.

"ஓட்டிப் பாருங்க சார்." சாவியைக் கணவரிடம் நீட்டுகிறார்.

"எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. இவதான் ஓடுறவ."

"அப்ப சார் சும்மா பின்னால குந்திக்கிட்டு வந்தீங்களா?" மெக்கானிக் கேட்க, வாசலோரம் சவாரிக்குக் காத்திருக்கும் த்ரீவீல் ஆட்டோ சாரதிகள் சிரிக்கிறார்கள். சாவி என் பக்கம் திரும்புகிறது. "வாங்க தங்கச்சி. யாரு விழுந்தாங்களோ அவங்கதான் மொதல்ல ஓட்டணும். நம்ம கராஜ்ல அதான் பழக்கம்."

சந்திவரை போகிறேன். லிவர் கொஞ்சம் இறுக்கம்; ஆனால் கியர் சுத்தமாக விழுகிறது. வாய்விட்டுச் சிரித்தபடியே திரும்பி வந்து நிறுத்துகிறேன்.

"பிள்ளை தேடுவாளெல்லோ? பேராதனைக்குத் திரும்புவமோ?" என்கிறார் கணவர்.

காலையிலிருந்து நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

"இல்லை, மலைக்கு. ஏறுங்கோ."

அவர் ஹெல்மெட் பட்டியை இன்னொரு தரம் இறுக்குகிறார்.