கோர்க் நகரத் தொகுதியும் புதன்கிழமைச் சோறும்

இராசலிங்கத்துக்கு முதியோர் இல்லத்தில் ஒரேயொரு குறைதான். அது மத்தியானத்தில் வந்தது.

மற்றப்படி ஜெர்மனியின் ஹாம் நகரத்து அந்த இல்லம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. இடுப்பெலும்பு உடைந்து, சத்திரசிகிச்சை முடிந்து, மூன்றாம் மாடி வீட்டுக்கு இனி ஏற ஏலாது என்று ஆனபோது, "நானே போறன்" என்று சொல்லித்தான் வந்தார். தனி அறை. பிடித்துக்கொண்டு குளிக்கக் கைபிடிகள். யன்னலைத் திறந்தால் கால்வாயில் நிலக்கரிப் படகு போவது தெரியும். கம்பி ஆலையில் முப்பது வருடம் நின்ற காலுக்கு ஒரு சாய்வுக் கதிரை. எழுபத்துநாலு வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

சோறு வேண்டும்.

சோறு என்ற பெயரில் ஒன்று வரத்தான் செய்தது. பாலில் குழைய வேகவைத்து, சீனியும் கறுவாப்பட்டைத் தூளும் தூவி, மத்தியானச் சாப்பாடாக. முதல் தடவை அதைக் கண்டதும் பொங்கல் என்று நினைத்து, "ஆருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். மற்ற நாட்களில் உருளைக்கிழங்கு. அவித்தது, மசித்தது, உருட்டியது. அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார்.

தராசுக் கதிரை பொய் சொல்லாது. பராமரிப்பாளர் ஜெயமலர் மாதத்தில் ஒருநாள் அவரை அதில் இருத்துவார்.

"அண்ணை, திரும்பவும் இறங்கிட்டியள்."

"உடுப்பு மெல்லிசு பிள்ளை, அதுதான்."

"உடுப்புக் கதை எனக்குச் சொல்லாதேங்கோ. ஆதிரைக்கு நான் மறைக்கேலாது."

ஆதிரை அவருடைய ஒரே மகள். பான் நகரத்தில் ஒரு பல்லாய்வுக்கூடத்தில் செயற்கைப்பல் செய்கிறவள்; அந்த வருடந்தான் கூடத்துக்கே பொறுப்பாக உயர்ந்திருந்தாள். சனிக்கிழமைதோறும் சாப்பாட்டுப் பெட்டியோடு ரயிலில் வருவாள். அன்றைக்கு மட்டும் அவர் ஒழுங்காகச் சாப்பிடுவார்.

"அடுத்த முறை நிறுக்கேக்கையும் இறங்கியிருந்தா, நான் வேலையைப் பாதியாக்கிப்போட்டு உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு போயிடுவன்" என்றாள் அவள். "கதைக்க ஒண்டுமில்லை அப்பா."

அவள் சொன்னால் செய்வாள். அதுதான் பயம். மகள் தன் கதிரையை விட்டு இறங்குவதையும் அவரால் பார்க்க முடியாது; குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று "அப்பா, சரியே?" என்று அவள் கேட்பதையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

வழி ஒன்று இருந்தது. அந்த மாடியில் புதன்கிழமை மட்டும் விருப்ப நாள். அன்றைக்கு என்ன சமைப்பது என்பதை மாடிவாசிகள் தெரிவு செய்யும் இரண்டு பேர் தீர்மானிக்கலாம். ஒருவர் திருமதி ஷுல்ட்டே, முன்னொரு காலத்தில் பள்ளிக்கூடச் சமையலறையை ஆண்டவர். மற்றவர் கிறௌசே, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, பருப்புக் கஞ்சிப் பிரியர். ஒவ்வொரு வருடமும் இல்லத்துப் பொறுப்பாளர் பென்ஜமின் வந்து, "பழைய ஆக்களே தொடரட்டுமா?" என்பார், நாலு கை உயரும், முடிந்தது. எங்கள் சங்கங்களில் ஏகமனதாகத் தெரிவு நடக்குமே, அதே மாதிரி. ஆகவே புதன்கிழமை என்றால் பருப்புக் கஞ்சி, பன்றி இறைச்சித் துண்டோடு.

"நீங்கள் ஏன் போட்டி போடேல்லை, ஹெர் ராசா?" என்று கேட்டவர் நோறா.

நோறா அவருக்குக் காலைச் சாப்பாட்டு மேசைக்காரி. அயர்லாந்தின் தெற்கே கோர்க் என்ற துறைமுக நகரத்தில் பிறந்து, ஒரு ஜெர்மன் கப்பல் பொறியியலாளரைக் கட்டி இங்கே வந்தவர். எண்பத்துநாலு வயது, காது மட்டும் மந்தம். இராசலிங்கம் என்ற பெயர் நாக்கில் நிற்காததால், திருவுக்கு ஹெர் சேர்த்து, ராசா ஆக்கிவிட்டார். இருவருக்கும் டொச், அதாவது ஜெர்மன், இரவல் மொழி. ஆகவே இருவரும் நிதானமாகப் பேசினார்கள், நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் காலையில் மூட்டுவலியைப் பற்றிப் பேசுவார்கள். நோறா பாணில் வெண்ணெய் பூசியபடி ஒரு தேர்தலைச் சொல்வார். எல்லாம் ஒரே இடத்துத் தேர்தல்கள்: கோர்க் நகரத் தொகுதி. அவருடைய இளமைக் காலத்தில் முழு நகரமும் ஒரே தொகுதி, ஐந்து ஆசனங்கள். வாக்காளர் புள்ளடி போடுவதில்லை. பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடுவார்கள். தேவையான வாக்கு எடுத்தவருக்கு ஆசனம். கடைசியில் நிற்கிறவர் வெளியே. அவருடைய வாக்குச்சீட்டுகள் அடுத்த இலக்கக்காரருக்குப் போகும். இப்படி எண்ணி, கழித்து, திரும்ப எண்ணி, ஐந்தாவது ஆசனம் ஆருக்கு என்று தெரிவதற்குள் நகரமே நகம் கடித்து முடித்துவிடும்.

"எங்கடை ஊர் விருப்பு வாக்கு மாதிரி" என்றார் இராசலிங்கம்.

"அப்ப சொல்லுங்கோ பாப்பம். அங்கை ஒரு வேட்பாளருக்கு முதல் எதிரி ஆர்?"

"அவன்ரை சொந்தக் கட்சிக்காரன்."

நோறா மேசையில் தட்டிச் சிரித்தார். "கோர்க்கிலை பிறந்திருக்க வேண்டிய ஆள் நீங்கள்!"

நோறாவின் தகப்பன் எந்தப் பதவியிலும் இருந்தவரல்ல. வாக்கெண்ணும் மண்டபத்தில் மரவேலிக்கு இந்தப்பக்கம் நின்று, சீட்டுகள் விரிபடும்போதே எட்டிப் பார்த்துப் பென்சிலால் கோடு கீறிக் கணக்குப் பிடிக்கிறவர். எல்லாக் கட்சிக்காரரும் அங்கே தோளோடு தோள் நின்று கணக்கைப் பகிர்ந்துகொள்வார்களாம். அதிகாரி முடிவைச் சொல்வதற்கு முன்பே வேலிக்காரருக்கு அது தெரிந்துவிடுமாம்.

"ஐம்பத்தாறிலை ஒரு இடைத்தேர்தல். அப்பாவுக்கு நான் பென்சில் சீவிக் குடுத்தன். அதிலை வெண்ட ஆள் பிறகு செத்துப்போனார். அறுபத்துநாலிலை அதே ஆசனத்துக்கு அவற்றை மனுசி நிண்டா, வெண்டா. அப்ப எனக்கு வாக்கிருந்தது. அடுத்த வருசப் பொதுத்தேர்தலுக்கும் போட்டன். பிறகு கலியாணம் கட்டி இஞ்சை வந்திட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன? நான் மூண்டு வருசம் முதுகைத் திருப்பினன். தொகுதியை இரண்டாய் வெட்டிப்போட்டாங்கள்! எழுபத்தேழிலை ஒருக்கா ஒட்டிப் பாத்தாங்கள். சரிவரேல்லை. திரும்ப வெட்டினாங்கள்."

இல்லாத ஒரு தொகுதிக்காக இவ்வளவு கோபப்படும் மனுசியை இராசலிங்கம் அதுவரை கண்டதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. நிறுவையைப் பற்றியும் மகளைப் பற்றியும் அவரிடந்தான் முதலில் சொன்னார். நோறா கேட்டுவிட்டு, அனுதாபம் ஒன்றும் சொல்லாமல், "உங்களுக்குத் தேவை ஒரு ஆசனம்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பென்ஜமின் வழக்கம்போல "பழைய ஆக்களே..." என்று தொடங்க, நோறா கையை உயர்த்தினார். இராசலிங்கத்தின் பெயரைச் சொன்னார். தன் பெயரையும் சொன்னார். "மூண்டு பேர் நிண்டா அது சண்டை. நாலு பேர் நிண்டாத்தான் தேர்தல்." புள்ளடி வேண்டாம், இலக்கம் போடுவோம் என்றும் சொன்னார்.

"அது என்னத்துக்கு?" என்றார் கிறௌசே.

"புள்ளடி எண்டா ஒரு கூட்டமே இரண்டு கதிரையையும் எடுத்துக்கொண்டு போயிடும். இலக்கம் எண்டா ஒருத்தற்றை வாக்கும் வீணாப் போகாது."

பென்ஜமினுக்கு ஒருநாள் பொழுதுபோக்குக் கிடைத்தால் சரி. ஒத்துக்கொண்டார்.

பிரசாரம் ஒரு கிழமை நடந்தது. இராசலிங்கம் உருட்டு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போனார். கம்பி ஆலையில் கூட வேலை செய்த இரண்டு பேர் அந்த மாடியிலேயே இருந்தார்கள். தொலைக்காட்சிக்கு அலைவரிசை பிடித்துக் கொடுத்த நன்றியில் சிலர். துருக்கிக்காரப் பெண்மணி ஒருவர் "சோறோ? இவ்வளவு நாளும் எங்கை இருந்தீங்கள்?" என்றே கேட்டுவிட்டார். ஆதிரை கொண்டுவந்த வடையைத் தட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோதுதான் நோறா வழிமறித்தார்.

"இது லஞ்சம். தீனி குடுத்து வாக்குக் கேக்கேலாது."

"சும்மா ஒரு வடை, நோறா அம்மா."

"பறிமுதல்" என்று தட்டை வாங்கினார் நோறா. பறிமுதல் செய்த சாமானில் அன்று மாலையே ஒன்றும் மிஞ்சவில்லை.

கிறௌசேயும் சும்மா இருக்கவில்லை. "அந்த ஆள் வந்தால் மாடியெல்லாம் உள்ளி மணக்கும்" என்று சொல்லித் திரிந்தார். ஏற்கெனவே சாப்பாட்டு மண்டபத்தில் ஆதிரையின் பெட்டி திறக்கும் சனிக்கிழமைகளில் எழுந்துபோய் யன்னலைத் திறந்துவிடுகிறவர் அவர். கடும் குளிரிலும்.

வாக்களிப்பு நாளில் இராசலிங்கம் சீட்டோடு மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாலு பெயர். தன் பெயரைப் பார்த்தார். பேனை போக மறுத்தது. சங்கக் கூட்டத்தில் தன் பெயரைத் தானே முன்மொழிகிறவனைப் பற்றி வாசலில் செருப்புப் போடும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். நோறாவுக்கோ ஒரு வாக்கும் விழப்போவதில்லை. பாவம், ஒரு பெண்பிள்ளைக்குப் பூச்சியமா? நோறாவுக்கு ஒன்று போட்டார். திருமதி ஷுல்ட்டே மரியாதையான மனுசி, அவருக்கு இரண்டு. மிஞ்சியது தானும் கிறௌசேயும். இங்கே அவருடைய பணிவு முடிந்தது. குளிரில் திறந்த யன்னலை நினைத்துக்கொண்டு தனக்கு மூன்று போட்டார், கிறௌசேக்கு நாலு.

அறைக்குத் திரும்பி வந்த பிறகுதான் செய்தது விளங்கியது. பந்தயத்தில் இருப்பது மகளின் வேலை. தான் மரியாதை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விசர் வேலை!

எண்ணுவது சாப்பாட்டு மண்டபத்தில் நடந்தது. மொத்தம் இருபத்துமூன்று சீட்டு. எட்டு எடுத்தவருக்குக் கதிரை. ஏனென்றால் இருபத்துமூன்றில் இரண்டு பேர்தான் எட்டு எட்டாக எடுக்க முடியும். பென்ஜமின் ஒவ்வொன்றாக விரித்தார். நோறா மேசைக்கு இந்தப்பக்கம் இருந்து கழுத்தை நீட்டி, கை துடைக்கும் கடதாசியில் பென்சிலால் கோடு கீறினார். பென்ஜமின் கட்டுகளை அடுக்கி முடிக்க முன்பே கேட்டது அவர் குரல்:

"ஷுல்ட்டே எட்டு. கிறௌசே ஏழு. ராசா ஏழு. நான் ஒண்டு!"

"பொறுங்கோ" என்றார் கிறௌசே. இரண்டு சீட்டுகளை விரலால் தொட்டார். ஒன்று இராசலிங்கத்தின் சீட்டுக்கட்டில் இருந்தது, மற்றது நோறாவின் தனிச்சீட்டு. "இதுகளிலை இருக்கிறது இலக்கமில்லை. கீறல்."

ஜெர்மன்காரர் ஒன்று எழுதினால் அதற்கு முன்பக்கம் நீளமாக ஒரு சரிவுக்கூரை இருக்கும். இந்த இரண்டிலும் கூரையில்லை. வெறும் நட்டுவைத்த தடி. பென்ஜமின் ஜெயமலரைப் பார்த்தார்.

"எனக்குக் குளிசை எண்ணத்தான் தெரியும்" என்றார் ஜெயமலர்.

இராசலிங்கம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அந்த இரண்டையும் கழித்தால் தனக்கு ஆறு, கிறௌசேக்கு ஏழு. நோறாவும் வேட்பாளர் என்பதால் வாயை இறுக மூடியிருந்தார். அவருக்கு அது பெரிய பாடாக இருந்தது. பேசியவர் திருமதி ஷுல்ட்டே. அவருடைய கதிரைதான் உறுதியாகிவிட்டதே.

"கிறௌசே, சுரங்கத்திலை வண்டிலுக்குக் கணக்கு என்னண்டு பிடிச்சனீங்கள்?"

"சோக்கட்டியாலை. கோடு கீறி."

"ஒரு கோடு எண்டா?"

"ஒரு வண்டில்" என்றவர் சீட்டிலிருந்து விரலை எடுத்தார். பிறகு கையை உதறினார். "சரி, சரி. தடியெண்டாலும் ஒண்டு ஒண்டுதான். எண்ணுங்கோ."

கடைசியில் நின்ற நோறா வெளியே. "எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் வெண்டதில்லை!" என்று அவர் மகிழ்ச்சியோடு அறிவித்தார். அவருக்கு விழுந்த ஒரேயொரு சீட்டைப் பென்ஜமின் எடுத்தார். "இரண்டாவது, திருமதி ஷுல்ட்டே. அவருக்குக் கதிரை கிடைத்துவிட்டது, ஆகவே அடுத்தது. மூன்றாவது... ஹெர் இராசலிங்கம். எட்டு!"

கைதட்டல். கம்பி ஆலைக்காரர் மேசையைத் தட்டினார்கள்.

"நாலாவது ஆர்?" என்று கேட்டார் கிறௌசே.

"நீங்கள்" என்றார் பென்ஜமின். மண்டபமே சிரித்தது.

இராசலிங்கத்தின் காது இரண்டும் சூடாகின. நோறா கதிரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கூரையில்லாத ஒண்டு எழுதுற ஆக்கள் இந்த மாடியிலை இரண்டே பேர், ஹெர் ராசா. உங்கடை தடி எனக்கெண்டால், மற்றத் தடி ஆருடையது?"

தன் சீட்டுக்கட்டில் இருந்த தடிச்சீட்டை அவர் அப்போதுதான் உற்றுக் கவனித்தார்.

"இரகசிய வாக்கு" என்றார்.

"ஓம், ஓம். நல்ல இரகசியம்" என்றார் நோறா.

முதல் புதன்கிழமை சோறும் பருப்பும் போஞ்சிக் கறியும் வந்தன. கறித்தூள் ஆதிரை அனுப்பியது. உறைப்பை மாடிக்குத் தக்கபடி குறைத்தது திருமதி ஷுல்ட்டே. கஞ்சி வெள்ளிக்கிழமைக்கு மாறியது. அதை முன்மொழிந்தவர் இராசலிங்கமே. மிஞ்சிய சோற்றைப் பங்கு பிரித்து உறையவைத்தால் இன்னும் இரண்டு மத்தியானத்துக்குக் காணும் என்ற திட்டமும் திருமதி ஷுல்ட்டேயுடையதுதான். கிறௌசே ஒரு வாய் வைத்தார். "இது என்ரை பருப்புக் கஞ்சிதான். தண்ணி விட மறந்திட்டாங்கள்" என்றார். இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை தராசுக் கதிரையில் ஜெயமலர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றார். கழட்டினார். அப்போதும் ஏறித்தான் இருந்தது.

சனிக்கிழமை ஆதிரை வந்தாள். ஜெயமலரிடம் இலக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள். அப்பாவின் வாக்குமூலத்தை அவள் நம்புவதில்லை. வேலையைப் பாதியாக்கும் பேச்சை அவள் எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள்.

"இண்டைக்கு வயிறு முட்டிப் போச்சுது பிள்ளை. அதைக் கிறௌசேக்குக் குடு."

"ஆருக்கு? அந்த யன்னல் மனுசனுக்கோ?"

கிறௌசே தன் மேசையிலிருந்து எழுந்து, யன்னலடிக்குப் போனார். திறந்திருந்த யன்னலைச் சாத்திவிட்டு, கரண்டியோடு வந்து உட்கார்ந்தார்.