கொடிக்காரனும் மொட்டைக்காலியும்

என் மருமகள் ஈ பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறாள். ஈ ஓட்டுகிற உத்தியோகம் என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். அருங்காட்சியகத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்க இழுப்பறை, இழுப்பறை முழுக்க ஊசியில் குத்திய பூச்சி. ஒவ்வொன்றின் கீழும் எறும்புத் தலை அளவு எழுத்தில் ஒரு சீட்டு, அவள் கைப்பட. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். பிடிக்காததை விழுங்கிவிடுவாள் என்பதால் அடிக்கடி திருப்பி வாசிக்கச் சொல்கிறேன்.

அவளுக்கு வாய்த்தது நெட்டைக்கால் ஈ. சாப்பாட்டில் மொய்க்கிற ஈ இல்லை. அரிசி அளவு உடம்பு, பச்சை ஜரிகை மினுக்கு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கால். ஈர இலையிலும் பாசியிலும் நிற்கும். இவற்றைக் குடும்பம், அதற்குள் பேரினம், அதற்குள் இனம் என்று பிரித்து அடுக்குவார்கள். துணி மடித்து அலமாரியில் அடுக்குவதுபோலத்தான். அது மட்டும் அவளுக்கு வராது. இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த அறையில் அடுத்தடுத்து இரண்டு இழுப்பறைகள். ஒன்றில் இருந்த ஈக்களுக்கு முன்கால் நுனியில் கறுப்பாக, தட்டையாக ஒரு விரிவு, சின்னக் கொடி மாதிரி. நான் கொடிக்காரன் என்பேன். மற்றதில் இருந்தவற்றுக்கு வெறுங்கால். அது மொட்டைக்காலி. மொட்டைக்காலிக்கு எந்தக் காலத்திலோ யாரோ பேர் வைத்துவிட்டார்கள். கொடிக்காரனைப் புதுப் பேரினம் என்று பேர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றியவர் இவளுடைய மேலதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு பேரால்தான் அவருக்குப் பேர்.

இரண்டு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருந்தவள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அத்தை, கொடிக்காரன்ல ஒண்ணுகூட பொம்பளை இல்ல. மொட்டைக்காலில ஒண்ணுகூட ஆம்பளை இல்ல."

"அடிப்பாவி! புருஷனை ஒரு பெட்டியிலயும் பெண்டாட்டியை ஒரு பெட்டியிலயுமா பூட்டி வெச்சிருக்கீங்க?"

இரண்டும் ஒன்றே என்று கட்டுரை எழுதினாள். மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அவரோ மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எங்கள் குழாயடிப் பாசியில் இவள் ஜோடியாகவே பிடித்தாள். பாட்டிலுக்குள் போனதும் அவை பிரிந்துவிட்டன. "ஜோடின்னு நீங்க சொல்றீங்க. எனக்குத் தெரியறது ரெண்டு செத்த ஈ" என்றாராம் அவர். "அப்ப உயிரோட வந்து பாருங்க சார்" என்று இவளும் விடவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வர ஒப்புக்கொண்டார்.

பெரிய மனிதர் வருகிறார், குழாயடியில் குந்தப் போகிறார். அங்கே பச்சைப் பசேல் என்று வழுக்குகிறது. எனக்கென்ன மானம் இல்லையா? காலை ஏழு மணிக்கே பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். கல் பல்லைப்போல வெளுத்தது.

"அத்தை! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சுத்தம்."

"என் ரெண்டு வருஷம், அத்தை."

சுத்தம் தப்பு என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் செருப்பை மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவள் குழாயடியைத் தேய்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லப்போய் எங்களுக்குள் பேச்சே நின்றிருந்தது.

"உன் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் விடு."

"நாறுதுன்னு தெருவையே கூட்டுனீங்களே?"

"நாறட்டும். இன்னைக்கு அது வேணும்."

"எதுக்காம்?"

"ஒரு கல்யாணம் இருக்கு."

மேலதிகாரி இஸ்திரி போட்ட பேண்ட்டோடு சாக்கடை ஓரம் குந்தினார். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. மருமகள் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள். பிறகு ஓர் அகல இலையில் மொட்டைக்காலி வந்து உட்கார்ந்தாள். எதிரே கொடிக்காரன் இறங்கி, முன்காலைத் தூக்கி, கொடியை இந்தப் பக்கம் ஆட்டினான், அந்தப் பக்கம் ஆட்டினான். அவள் முதுகைக் காட்டினாள். அவன் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்தான்.

"எங்க வீட்டுக்காரர் இதுல பாதிகூட ஆடினதில்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உஷ்!" என்றார் மேலதிகாரி.

மூன்றாம் சுற்றில் அவள் இசைந்தாள். நாகரிகம் கருதி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஒரு கண்ணை மட்டும் விட்டுவிட்டு.

அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. "முதல்ல வெச்ச பேர்தானே நிக்கும்?"

"ஆமா சார்." மருமகள் தரையைப் பார்த்தாள்.

"அப்ப நான் வெச்ச பேர் போச்சு."

என் வாய் சும்மா இருக்குமா? "எங்கயும் போகலைங்க. பையன் வீட்டோட மாப்பிள்ளையாப் போறான், அவ்வளவுதான்."

என்னை முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரித்த சிரிப்பில் கால் தடுமாறி, பாசிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பக்கத்து வீட்டு வாஷிங்மெஷின் மூடிமேல் கட்டுரையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே பச்சையாக ஒரு பெருவிரல் ரேகையும் விழுந்தது.

"ஐயோ, கறை பட்டுடுச்சே" என்று மருமகள் துடைக்கப் போனாள்.

"தொடாதே" என்றேன். "அதுல எனக்குப் படிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."