தங்கையின் ஆராய்ச்சியும் என் காரின் பொனற்றும்

சாவகச்சேரியில் பிறந்து மெல்பேர்னில் கண்மூடிய எங்கள் தங்கை மறைந்து ஓராண்டாகிறது. பெற்றோர் நேரத்தோடு காலமாகிவிட்டதால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழும்பில் கார் திருத்தும் கராச் ஒன்றில் சேர்ந்தவன் நான். இந்தக் கைகளால் உழைத்துத்தான் தங்கையைப் படிப்பித்தேன். அவர் புலமைப்பரிசில் பெற்று இங்கு வந்து உளவியல் ஆராய்ச்சியாளரானார். வெள்ளையரல்லாதவருக்கும் இந்நாட்டின் கதவு திறந்த புதிதில் என்னையும் மனைவியையும் அழைத்துக்கொண்டார். இங்கே டண்டினோங்கில் கராச் போட்டது மட்டும் முழுக்க என் சொந்த முயற்சி. அதை எல்லோரும் அறிவீர்கள்.

மனம் சோர்ந்த பெண் சிகிச்சைக்குப் போனால், வீட்டைப் பார், கணவனை அனுசரித்துப் போ என்று அனுப்பிவிடுகிறார்கள். அதே சோர்வோடு ஆண் போனால் அவனுடைய வேலையையும் ஆசைகளையும் விசாரிக்கிறார்கள். இது ஏன் என்பதுதான் தங்கையின் ஆராய்ச்சி. சிகிச்சைக்குப் போய்வந்த பெண்களை வீடு வீடாகத் தேடிப் போனார். நான்தான் காரோட்டினேன். கிரேக்கர், இத்தாலியர், நம்மவர், எந்த வீடானாலும் கணவர் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கேள்வி மனைவிக்கு, பதில் அவருடையது.

ஒருநாள் தங்கை சொன்னார்:

"அண்ணை, காரின்ர பொனற்றைத் திறந்துபோட்டு எஞ்சினைப் பாக்கிற மாதிரி நில்லுங்கோ."

"ஏன், கார் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடட்டும். திறந்தாலே போதும், ஆம்பிளையள் தானா வெளியில வருவினம். பிறகு உங்கட கராச் கதையைத் தொடங்குங்கோ. அதில இருந்து ஆர் தப்பிறது?"

அப்படியே நடந்தது. முதல் வீட்டில் கிரேக்கர் ஒருவர் நட்டு முடுக்கும் சாவியும் கையுமாக ஓடிவந்தார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் என் வரலாற்றை அவருக்கு முழுவதும் சொன்னேன். உள்ளே அவர் மனைவி பேசிக்கொண்டேயிருந்தார். அந்த ஆராய்ச்சியில் பாதி என்னுடையது என்றால் பிழையில்லை.

கடைசியாகத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியும் ஒருகாலம் நித்திரையில்லாமல் சிகிச்சைக்குப் போனவர்.

"அண்ணை, நீங்கள் வெளியில."

"என்ர வீட்டிலயுமோ?"

"ஓம். நான் மச்சாளோட கதைக்கோணும்."

வெளியே நின்றேன். கதை சொல்லவும் ஆளில்லை. உள்ளே மனைவி சிரிப்பதும் பிறகு அழுவதும் கேட்டது. என்ன கதைத்தீர்கள் என்று பின்னர் தங்கையைக் கேட்டேன். "அது மச்சாளின்ர. நான் சொல்லக்கூடாது" என்றுவிட்டார்.

அதன்பின் தங்கைக்கு நோய் வந்தது. எழுதி முடிக்க அவகாசம் தரவில்லை. அத்தனை பெண்கள் சொன்னதும் புத்தகமாகாமல் நின்றுபோனது எங்களுக்குத் தீராத மனக்குறை.

வைத்தியர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்க்கும், கதவைத் திறந்து தங்கையை உள்ளே விட்ட அந்தப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கட்டிலருகே இரவுபகலாக இருந்தவர் என் மனைவி.

இதை எழுதும்போது அவரிடம் கேட்டேன், "அண்டைக்கு என்னப்பா கதைச்சனீர்?"

"மச்சாளிட்டச் சொன்னதை உங்களிட்டச் சொல்ல எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தங்கை போனார். என் மனைவிக்கு, மனம்விட்டுப் பேசக் கிடைத்த ஒரே ஆள் போய்விட்டார்.