சுல்மா பார்க்க மறுத்த ஆள்

சாங்கா பிளாங்கா பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் இருபத்திரண்டு வருடம் டேங்கர் லாரி ஓட்டினேன். சுல்மா எச்செவெரி தலைவியானபோது சங்கம் மூடுகிற நிலையில் இருந்தது. எங்கள் பால் பவுடரை வாங்க ஆளில்லை. தலைநகர் மாண்டிவிடியோவிலிருந்து கோட்டுப் போட்டவர்கள் வந்து எழுதிக் கொடுத்த மூன்று திட்டங்கள் அலமாரியில் தூங்கின.

சுல்மா நாலாவதாக ஒன்று எழுதவில்லை. பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினார்.

"பவுடரை விடுங்க. கெட்டிச் சீஸ் பண்ணுவோம். அதுக்குச் சுத்தமான பால் வேணும். குளிர்தொட்டி வைக்காத பண்ணையில செப்டம்பர்லேருந்து பால் எடுக்க மாட்டோம். சம்மதமா?"

கைகள் உயர்ந்தன. அவர் தம்பி ஹெபெரின் கையும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாத்தே தேநீர்க் குவளையோடு லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தில் நிற்பார். "தபாரே, உன் ரூட்ல இந்த வாரம் எத்தனை தொட்டி?" என்று என்னைக் கேட்பார். வேறு பேச்சு கிடையாது. யாராவது இழுத்தடித்தால் மறுநாளே அந்த வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆகஸ்டுக்குள் பதினோரு பண்ணைகள்தான் பாக்கி. எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், குளிர்தொட்டியை ஓட்ட மின்கம்பி போகாத மேட்டில் இருந்தவை. அதில் ஒன்று ஹெபெருடையது. அப்பா விட்டுப்போன நிலம், பதினெட்டு மாடுகள்.

"உங்க தம்பிக்கு மட்டும் ஒரு வருஷம் தள்ளிக் குடுப்போம் மேடம். யார் கேக்கப்போறா?" என்றார் நிர்வாகக் குழுவில் ஒருவர்.

"மத்த பத்து பேர் கேப்பாங்க. அவனுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அதோட சீஸும் போச்சு."

ஆகஸ்ட் கடைசி வாரம் ஹெபெர் அலுவலகத்துக்கு வந்தார். நான் அப்போது சுல்மாவின் அறையில் பால் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரியதரிசி எட்டிப் பார்த்துச் சொன்னதும் சுல்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடு."

அறையில் நாங்கள் இருவர்தான். "அவன் மூஞ்சியப் பாத்தா நான் இளகிடுவேன், தபாரே" என்றார். ஹெபெர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

செப்டம்பரிலிருந்து என் லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. ஹெபெர் மாடுகளை ஏலத்தில் விட்டுவிட்டு, மால்தொனாதோ நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவலாளியாகப் போனார். சீஸ் பிரேசில் வரைக்கும் போயிற்று. எங்கள் எல்லோருக்கும் வேலை நிலைத்தது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வெளியூர்ச் சங்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, சுல்மா ஓய்வு பெற்றபின், புது மேலாளர் ஒரு பெரிய பொதுக் குளிர்தொட்டி வைத்தார். அக்கரையில் பள்ளிக்கூட முக்கு வரைக்கும் மின்சாரம் உண்டு. தொட்டியை அங்கே வைத்தார். மிச்சமிருந்த மேட்டுப் பண்ணைகள் வண்டியில் கேன்களைக் கொண்டுவந்து ஊற்றினால் போதும். திறப்பு நாளில் சுல்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரோட யோசனை இது?"

மேட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் சொன்னார்: "ஹெபெரோடதும்மா. இதைச் சொல்லத்தான் அன்னிக்கு உங்க ஆபீசுக்கு வந்தான்."

"நீங்க யாராவது வந்து சொல்லியிருக்கலாமே?"

"தம்பியவே பாக்காதவங்க, எங்களையா பாக்கப்போறீங்க?"

அந்த வாரமே என்னைக் கார் ஓட்டச் சொல்லி மால்தொனாதோவுக்குப் போனார். ஹெபெர் காவல் அறையில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். முடி கொட்டியிருந்தது.

"ஏன்டா, அன்னிக்குக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்திருக்கலாமே? கத்தியிருக்கலாமே?"

"மீட்டிங்ல இருக்கேன்னு சொன்னியே அக்கா. எங்களுக்காகத்தான் நீ உள்ள யார்கிட்டயோ பேசறேன்னு நெனச்சேன்."

சுல்மா சொன்னார்: "மீட்டிங் எதுவும் இல்லடா."

ஹெபெர் அடுப்பை அணைத்தார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

அப்பா நிலத்தில் திரும்ப மாடு வாங்கித் தருவதாக சுல்மா கெஞ்சினார். அறுபத்தோரு வயதில் முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்று ஹெபெர் சொல்லிவிட்டார். வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினார். அக்காவைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் சுல்மா அழுதார். வண்டியை ஓரம் கட்டட்டுமா என்றேன். "ஓட்டு" என்றார்.