இரண்டு மரப்பிடிகள்

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவள், லண்டனில் காசு கொடுத்துத் துவக்கு வாங்குகிறாள் என்று டூட்டிங்கில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் என் கணவர். எண்பதுகளின் கடைசி அது. நான் வாங்கியது காற்றழுத்தத்தால் சுடும் போட்டி ரைபிள். கடதாசி வட்டத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் சுடுவதில்லை. இதை விளக்கப் போனால் இன்னும் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னோடு வேலைசெய்த ஆங்கிலேயப் பெண்தான் விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த துவக்குச் சுடும் கிளப்புக்கு என்னைக் கூட்டிப்போனாள். முதல் நாள் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு பழகிவிட்டது. குறிபார்க்கும் அந்த ஒரு கணத்தில் ஷிப்ட், வாடகை, ஊர்ச் செய்தி எல்லாமே மறந்துபோகும். அந்த மறதிக்காகவே வாரம் தவறாமல் போனேன். ஆனால் சுட்டதெல்லாம் தாளித்த கடுகு மாதிரித் தாளெங்கும் தெறித்தது. கிளப் துவக்கு உனக்குச் சரிவராது, உனக்கேற்ற பாகங்களாகப் பார்த்து வாங்கி நீயே பூட்டு என்றாள் தோழி.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. எண்ணெயும் மரத்தூளும் மணக்கும் சின்னக் கடை. குழலும் அதன் இயக்கப்பகுதியும் பழசில் கிடைத்தன. விசையைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்து, விரலுக்கு மெதுவானதை எடுத்தேன். கூறைச்சேலைக்குக்கூட நான் அவ்வளவு நேரம் கடையில் நின்றதில்லை.

மிஞ்சியது தோளில் பொருத்தும் மரப்பிடி. அதில் கன்னம் வைக்கும் மேடு ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தத் தோள் என்று கேட்டார் கடைக்காரர். வலது என்றேன். அவர் என்னை ஒரு விரல் நீட்டிச் சுவர்க்கடிகாரத்தைக் காட்டச் சொல்லி, கண்களை மாறி மாறி மூடச் சொன்னார். இடக்கண்ணை மூடியதும் விரல் கடிகாரத்தை விட்டு விலகி நின்றது. உனக்குக் குறிபார்க்கும் கண் இடக்கண், இத்தனை நாளும் தப்பான தோளில் சுட்டிருக்கிறாய் என்றார்.

சின்ன வயதில் சோற்றுக்கும் பென்சிலுக்கும் முதலில் நீண்டது என் இடக்கைதான். நீண்டபோதெல்லாம் அம்மாவின் அகப்பைக்காம்பு விழும். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார் என்பது அம்மாவின் கட்சி. உதவியதுதான், அப்படி ஒரு கை எனக்கு இருந்ததையே மறந்துபோனேன்.

கடைக்காரர் வலதுக்கு ஒன்றும் இடதுக்கு ஒன்றுமாக இரண்டு பழைய பிடிகளைத் தந்து, வேண்டாததைத் திருப்பித் தா என்றார். வீட்டில் கணவர் பார்த்துவிட்டு, "ஐஞ்சில வளைஞ்சதை இனி என்னத்துக்கு நிமிர்த்திறீர்?" என்றார். அப்போது அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். முப்பது வயதில், அம்மா கண்டுவிடுவாரோ என்று பயந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு இடத்தோளில் வைத்துப் பார்த்தேன். கன்னம் தானாகப் போய் மேட்டில் அமர்ந்தது. ஆசை பொங்கியது. துணிவுதான் வரவில்லை. வலதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவுகட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மரக்கறி வெட்ட, மேசையில் கிடந்த இரண்டு பிடிகளையும் ஒதுக்கினார். ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். இரும்புக் குழலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், மரத்துக்குப் பயப்படவில்லை. "இதை எப்பிடிப் பிள்ளை பிடிக்கிறது?" என்று கேட்டபடி ஒன்றைத் தூக்கி, தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார்.

இடத்தோளில்.

"அம்மா, நீங்களுமோ?"

"ஓம். உனக்கு அடி மட்டும்தானே விழுந்தது. எனக்கு இடக்கையை முதுகோட சேர்த்துக் கட்டிப்போட்டுத்தான் சோறு தந்தவை. வெளியில ஆரும் உன்ர கையைக் கட்டிப்போடக் கூடாது எண்டுதான் நான் அடிச்சனான்."

கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன. அம்மா பிடியை இறக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, யன்னலுக்கு வெளியே எதையோ குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குது பிள்ளை," என்றார். "மற்றதைத் திருப்பிக் குடுத்திட்டு வா."